கண்ணை உறுத்தாத எழுத்து

கண் மருத்துவமனையிலிருந்து பொள்ளாச்சி வீட்டுக்குத் திரும்பியதும் சுகந்தி அழவில்லை. செருப்பைக் கழற்றிய கையோடு பத்திரிகையைத் தேடினாள்.

"நா முழுசாப் படிச்சேன், குணா. ஒரு வரி விடுல. அதுல அப்படி எதும் போடுல," என்றாள்.

கூட வந்திருந்த தங்கை குணவதி கதவைச் சாத்திவிட்டு அவள் பின்னாலேயே வந்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் டாக்டர் சொல்லியிருந்தார். இடது கண்ணில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, இனி வராது. வலது கண்ணை இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம். முழங்கால் வலிக்காக நான்கு மாதமாகச் சாப்பிட்ட மாத்திரைதான் காரணம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாதாம். அக்காவுக்கோ கண் அழுத்தம் பத்து வருடத்துச் சொத்து. "டீச்சரா இருந்தவங்க, எச்சரிக்கையைப் பாக்காமயா வாங்குவீங்க?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய சுகந்தி, காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். 'கிழமை'யில் படித்துத்தான் வாங்கினேன் என்று மட்டும் முனகினாள்.

'கிழமை' வாரப் பத்திரிகை. மின்தாளில் வருவது. நான்காய் மடித்து மணிபர்சில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழைய இதழ் மறைந்து அதே தாளில் புது இதழ் வந்து உட்காரும். தாளின் தலையில் கடுகளவு ஒரு கறுப்புக் கண் உண்டு. நாம் எழுத்தைப் பார்ப்போம், அது நம்மைப் பார்க்கும். நம் பார்வை எங்கே திணறுகிறது, எங்கே பின்னால் திரும்பிப் போகிறது என்று கவனித்து, அதற்குத் தக்கபடி எழுத்துகள் தங்களைத் தாங்களே கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ளும், கொஞ்சம் தள்ளி நிற்கும். அந்த எழுத்துருவை வரைந்தவள் குணவதி. எழுத்துருவின் பெயரும் 'குணவதி'தான். பெயர் வைத்தவர் 'கிழமை' ஆசிரியர் மருதாசலம்.

நான்கு மாதத்துக்கு முந்தைய இதழை வரவழைத்து அக்கா தாளை நீட்டினாள். மூட்டு வலி பற்றி மூன்று பக்கக் கட்டுரை. மாத்திரையின் படம், குணமானவர்களின் பேட்டி, எல்லாம் அழகாக இருந்தன. கடைசிப் பத்தியில் அதுவும் இருந்தது. மற்ற பத்திகளின் அதே உயரம், அதே கறுப்பு.

"'கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இந்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் உட்கொள்ளக் கூடாது. நிரந்தரப் பார்வை இழப்பு ஏற்படலாம்.' போட்டிருக்குதேக்கா," என்றாள் குணவதி.

"எங்க? குடு." சுகந்தி தாளை வாங்கிக் கண்ணை ஓட்டினாள். "எனக்குக் காணமே."

"கடைசிப் பத்தி எந்த வார்த்தையில ஆரம்பிக்குது?"

"'கண்'ணுன்னு."

"எப்படி முடியுது?"

"'ஏற்படலாம்'னு."

"நடுவுல?"

சுகந்தி வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி தாளைப் பார்த்தாள். "இப்பத்தான படிச்சேன், குணா," என்றாள்.

குணவதி கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அக்காவின் பின்னால் போய் நின்றாள். தாளுக்கு அக்காவின் கண்தான் பழக்கம். புதுக் கண்ணைக் கண்டால் எழுத்துகள் சற்று நேரம் அசையாமல் நிற்கும். தன்னால் அந்தப் பத்தியைப் படிக்க முடிந்தது அதனால்தானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியிருந்தது. "இன்னொருக்கா படிக்கா," என்றாள். அக்காவின் பார்வை கடைசிப் பத்தியைத் தொட்டதும், மெய்யெழுத்துகளின் தலையிலிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒரு முடியளவு வலப்பக்கம் நகர்ந்தன. பார்வை கடந்து போனதும் ஒன்றும் தெரியாத மாதிரி நடுவுக்கு வந்து நின்றுகொண்டன.

குணவதி வரைந்த புள்ளிகள் அவை. எந்தப் புள்ளி எவ்வளவு நகரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"என்ன கண்ணு, தாள் ரிப்பேரா?" என்று கேட்டுக்கொண்டே அக்காவின் கணவர் கனகராஜ் வந்தார்.

"ரிப்பேர் இல்லீங் மச்சான். புள்ளி நவுருது."

"புள்ளி நவுந்தா என்னாகுது?"

"நம்ம கண்ணு எழுத்து எழுத்தா ஊர்ந்து போறதில்லீங். தவளையாட்டத் தாவித் தாவித்தான் போகும். அடுத்து எங்க போய் உக்காரோணும்னு அதுக்கு ஒரு அடையாளம் வேணும். தமிழ்ல அந்த அடையாளம் புள்ளி. நடுவுல இருந்தா கண்ணு சரியா எழுத்து மேல உக்காரும். துளி தள்ளி வெச்சா அடுத்த எழுத்துக்குப் போயிரும். ஒரு வரியில நாலு எடத்துல அப்படித் தள்ளி வெச்சாப் போதும். வரியோட தலையையும் வாலையும் பாத்துட்டு, முழுசாப் படிச்சாச்சுன்னு மனசு நெனச்சுக்கும்."

"அப்ப உங்கக்கா மேல தப்பில்லை."

"இல்லீங்."

"யாரு மேல?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குணவதி கிளம்பிவிட்டாள்.

பொள்ளாச்சியிலிருந்து கோவை வரும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே எதுவும் அவள் கண்ணில் படவில்லை. அந்த எழுத்துரு பிறந்ததே அக்காவுக்காகத்தான். கண் அழுத்தம் தொடங்கிய காலத்தில், படிக்க முடியவில்லையே என்று சுகந்தி வாரப் பத்திரிகைகளையெல்லாம் நிறுத்திவிட்டாள். அதைப் பொறுக்காமல் குணவதி வரைய உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வடிவங்கள் வரைந்து ஒவ்வொன்றையும் அக்காவிடம் கொடுத்துச் சோதித்தாள். முதலாவதுதான் கடைசியில் வென்றது. அதைப் படிப்பதே தெரியாது என்றாள் அக்கா, வரிகள் தாமாக உள்ளே போகின்றனவாம். பதினேழாவது தோற்றது. படித்தாயிற்று என்று அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் என்ன படித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இருவரும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'வழுக்குகிறது, பயன்படுத்தக் கூடாது' என்று குணவதி அதன் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

எழுத்து வரைகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தோற்ற வடிவத்தைத் தூக்கிப் போடமாட்டார்கள். அதன் வளைவு ஒன்று பின்னால் வேறெதற்காவது உதவும் என்று எண் போட்டு வைத்துக்கொள்வார்கள். எழுத்துருவை 'கிழமை'க்குக் கொடுத்தபோது குணவதி ஜெயித்தது தோற்றது எல்லாவற்றையும் குறிப்புகளோடு மருதாசலத்திடம் ஒப்படைத்தாள். அவரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்த நால்வரில் அவர் ஒருவர். கூடப் பிறந்த அண்ணன் இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று வியாழக்கிழமை, இதழ் முடிக்கும் நாள். வியாழக்கிழமையில் ஆசிரியர் அறைக்குள் தீயணைப்பு வண்டிகூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்று ஆபீசில் ஒரு கேலி உண்டு. குணவதி கேட்கவில்லை.

மருதாசலம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "வா அம்மணி. அக்காளுக்கு எப்படி இருக்குது?"

"ஒரு கண்ணு போயிருச்சுங்ணா."

"அடப் பாவமே."

"வடிவம் பதினேழை எதுக்குங்ணா எடுத்தீங்க?"

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். மறுக்க மறுக்க எப்படி மடக்குவது என்று பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். அவரோ கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு வருஷமாச்சு," என்றார். மழை பெய்தது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். அதுதான் அவளுக்கு முதலில் வலித்தது.

"மாத்திரைக்கு மட்டுமா?"

"மாத்திரைக்கு எச்சரிக்கை, காப்பீட்டு விளம்பரத்துக்கு நிபந்தனை, நம்ம திருத்தங்கள் பகுதி."

"திருத்தங்களுமா?"

"தப்புப் பண்ணுனா ஒத்துக்கோணும் அம்மணி. அதை ஊரே ஞாபகம் வெச்சுக்கோணும்னு அவசியமில்லை."

"ஏனுங்ணா, சனங்க கண்ணுல மண்ணைத் தூவுறமேன்னு ஒரு நாளாச்சும் உறுத்துலயா உங்களுக்கு?"

"என்ன மண்ணு? ஒரு வார்த்தையை மாத்துனனா? ஒரு பொய் எழுதுனனா? எச்சரிக்கை போடோணும்னு சட்டம் சொல்லுது, போட்டேன். கட்டுரை எழுத்து என்ன உயரமோ அதே உயரத்துல போடோணும்னு சொல்லுது, போட்டேன். புள்ளி எங்க இருக்கோணும்னு சட்டத்துல இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "விளம்பரம் குடுக்கற அந்த மாத்திரைக் கம்பெனி போயிருந்தா 'கிழமை' ஆறு மாசம் தாண்டியிருக்காது. நீ, நான், உள்ள இருக்கற நாப்பது பேரு. அதையும் நெனச்சுக்க," என்றார்.

"உங்களை நம்பித்தான் மொத்தத்தையும் குடுத்தேன்."

"குடுத்த. கையெழுத்தும் போட்ட."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அந்த மூட்டு வலிப் பக்கத்தின் மாதிரி. கீழே 'பக்கம் சுத்தம்' என்று அவள் கையெழுத்து. ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எந்த வடிவம் என்று வரிசையாக அச்சாகியிருந்தது. கடைசிப் பத்திக்கு நேரே, வடிவம் 17.

குணவதியின் தொழிலில் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் பார்ப்பார்கள். நேராகப் பிடித்தால் கண் வார்த்தைக்குள் போய்விடும், எழுத்தின் நிறை தெரியாது. தலைகீழாகப் பிடித்தால் வார்த்தை மறைந்து, எங்கே அடர்த்தி கூடியிருக்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். பத்தொன்பது வருடமாக வாரம் நூறு பக்கம் அப்படித்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். 'கிழமை'யில் என்ன வருகிறது என்று யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அக்காவின் கண்ணைப் பறித்த பக்கத்தையும் தலைகீழாகப் பிடித்து, அழகாக இருக்கிறது என்று திருப்தியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"நீ வாசிக்க மாட்டீன்னு எனக்குத் தெரியும்," என்றார் மருதாசலம். குரலில் கேலி இல்லை, பிரியம்தான் இருந்தது. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

குணவதி அந்த மாதிரித் தாளை அவர் பக்கம் தள்ளினாள். "எத்தனை பேரு இன்னும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுட்டு இருக்கறாங்களோ. அவங்களுக்குச் சொல்லியாகோணும். நா எழுதறேன். பதினேழு, புள்ளி, நீங்க, நான், என்ற கையெழுத்து, எல்லாத்தையும். வர்ற வாரம் முதல் ரெண்டு பக்கம் எனக்கு வேணும்."

"எடுத்துக்க."

"ஒரு எழுத்து வெட்டக் கூடாது."

"வெட்டுல."

"வடிவம் ஒண்ணுலதான் போடோணும். அப்புறம் யாரும் மாத்த முடியாமப் பக்கத்தைப் பூட்டுற சாவி என்ற கையில இருக்கோணும்."

மருதாசலம் அவளைக் கூர்ந்து பார்த்தார். "ஒண்ணுலயா? நல்லா யோசிச்சுக்க அம்மணி."

பதினேழில் தள்ளிவிடத்தான் அடிபோடுகிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோசிச்சுட்டேன்," என்றாள்.

"அப்பச் சரி."

வேறு பத்திரிகைக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அவளும் கேட்டுக்கொண்டாள். கோவையில் மட்டுமல்ல, சென்னையில் வருகிற தாள்களும் இப்போது 'குணவதி'யில்தான் வருகின்றன. எந்த ஆசிரியரின் இழுப்பறையில் பதினேழு இருக்கிறதோ, யார் கண்டது? தவிர, மாத்திரையைப் படித்து வாங்கியவர்கள் 'கிழமை' வாசகர்கள். அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் 'கிழமை'யில்தான் எழுத வேண்டும்.

ஆறு நாள் எழுதினாள். எழுதிப் பழக்கமில்லாதவள். முதல் நாள் ஒரு பத்தியோடு எழுந்துவிட்டாள். தான் செய்ததை எழுத வேண்டிய இடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. பிறகு அதையும் எழுதினாள். 'கண் அழுத்தம் உள்ளவர்கள் இன்றே இந்த மாத்திரையை நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்' என்று முதல் பத்தியிலேயே எழுதினாள், கடைசியிலும் எழுதினாள். பக்கம் தயாரானதும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பக்கத்தை நேராகப் பிடித்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். எல்லாம் நடுவில் இருந்தன. தன் கையால் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை காந்திபுரம் பஸ் நிலையத்துக்குப் போய், தாள் விரித்திருந்த ஒருவரின் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். அவர் அவளுடைய பக்கங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தார். புள்ளி ஒன்றுகூட நகரவில்லை. அவர் வரி வரியாகக் கடைசி வரைக்கும் படித்தார். மருதாசலம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அந்த மனிதர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கொட்டாவி விட்டு, பஸ் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் விசாரித்தாள். அந்த மாத்திரை எப்போதும் போலத்தான் போகிறதாம்.

"'கிழமை'ல வந்ததைப் பாக்குலீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தனுங்க. ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க," என்றார் கடைக்காரர். "பாவம், யாரோ டீச்சரம்மாவுக்குக் கண்ணு போயிருச்சாம்."

"வாங்கற ஒருத்தரும் நிறுத்துலீங்களா?"

"எதுக்குங்க நிறுத்தோணும்? அதான் அவங்களே சொல்லிட்டாங்களே."

அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போனாள். மருதாசலம் அவளுக்காகவே காத்திருந்தவர் மாதிரி வாசகர் கடிதங்களை எடுத்து முன்னால் வைத்தார். மூவாயிரத்துக்கும் மேல் வந்திருந்தன. உட்கார்ந்து படித்தாள். 'நெகிழ்ந்துபோனேன்.' 'இந்தக் காலத்தில் தன் தவறைத் தானே எழுதும் பத்திரிகை உண்டா?' 'குணவதி அம்மாவின் நேர்மைக்கு என் வணக்கம். நானும் அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.' அந்தக் கடைசிக் கடிதத்தை மூன்று முறை படித்தாள்.

"ஒருத்தருக்கும் கோவமே வருலயாங்ணா?"

"வராது அம்மணி."

"பூட்டுனதுக்கு அப்புறம் என்ன பண்ணுனீங்க? சொல்லுங்க. புள்ளியத் தொடுல. எடைவெளியத் தொட்டீங்களா?"

"ஒண்ணையும் தொடுல. உன்ற அக்கா மேல சத்தியமா." அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "கோவம் வரோணும்னா படிக்கறவனோட கண்ணு எங்கியாச்சும் ஒரு எடத்துல இடறோணும். இடறி நின்னு, என்ன சொல்றான் இவன்னு திரும்பிப் பாக்கோணும். நீ ஒரு எடத்துலயும் இடற விடுலயே. அத்தனை சொகமா வரைஞ்சிருக்க. ஒண்ணுல படிக்கறவன் நம்புவான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா படிச்சு முடிச்சதுமே காரியம் முடிஞ்சுதுன்னு ஆயிருது. ஆசை காட்டுனா வாங்கீருவான், பயம் காட்டுனா தெரிஞ்சுட்டம்னு நிம்மதியா உக்காந்துக்குவான். ரெண்டு வருஷமா எங்கிட்டக் கணக்கு இருக்குது."

"தெரிஞ்சேதான் சரின்னீங்களா?"

"யோசிச்சுக்கன்னு சொன்னேன். நீ என்னை நம்புல."

பதினேழைக் கொண்டு அவர் செய்தது துரோகம். அதற்கு அவரைத் திட்டலாம், சபிக்கலாம், கழுத்தைப் பிடித்துக் கேட்கலாம். இதற்கு யாரைப் பிடிப்பது? சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியே அவர் இரண்டாம் முறையும் அவள் முதுகில் குத்திவிட்டார். கத்தி அவளே தீட்டிக் கொடுத்தது.

"இன்னொண்ணும் சொல்லீர்றேன், சந்தோசப்படு," என்றார் மருதாசலம். "பதினேழைத் தூக்கிப் போட்டாச்சு. உன்ற கட்டுரையைப் பாத்துட்டுக் கம்பெனிக்காரங்களே சொல்லிட்டாங்க. இனி எச்சரிக்கை எல்லாமே ஒண்ணுலதான். எல்லாரும் நல்லாப் படிக்கட்டும்."

குணவதி அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, பிழை இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கத்தில் ஒரு முறை படித்துவிட்டு, மேஜை மேல் வைத்தார். "எழுத்துரு மட்டும் எங்ககிட்டயே இருக்கும், ஒப்பந்தப்படி," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிக்குப் போனாள். அக்கா ஒருத்தியாவது புரிந்துகொண்டிருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் போனாள். கண்ணைக் கொடுத்தவளாயிற்றே.

சுகந்தி கட்டிலில் சாய்ந்து, ஒற்றைக் கண்ணருகே தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா கண்ணு. உன்ற கட்டுரையை நாலு தடவை படிச்சேன். தேனாட்ட இருந்துச்சு."

"தேனாட்டவா? உன்ற கண்ணு போன கதைக்கா அது."

"போனது போச்சு. எப்படி ஒளிக்காம போட்டிருக்கறாங்க பாரு. அந்த மருதாசலம் மனுசன்னா மனுசன். மூணு வருசத்துக்குச் சேத்துச் சந்தா கட்டச் சொல்லிட்டேன்."

குணவதி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். வேலையை விட்டதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா தலையணை பக்கத்திலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சொட்டு மருந்துப் புட்டி.

"என்னக்கா இது?"

"இந்த வாரம் போட்டிருந்தாங்க. மங்கலான கண்ணைத் தெளிய வெக்குதாம். காலைல படிச்சதுமே மச்சானை அனுப்பி வாங்கியாந்தாச்சு."

"எச்சரிக்கை எதும் போட்டிருந்துச்சா?"

"போடாம இருப்பாங்களா?" சுகந்தி தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள். "'கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. எஞ்சியுள்ள பார்வையும் போய்விடக்கூடும்.' ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்குது. அத்தனை தெளிவாப் போட்டிருக்கறாங்க. முன்ன மாதிரி இல்லை, எல்லாத்தையும் சொல்லீர்றாங்க." சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள், தலையைப் பின்னால் சாய்த்தாள், வலது கண்ணை அகலமாகத் திறந்துகொண்டு புட்டியைத் தூக்கினாள்.

குணவதி பாய்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். புட்டியிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"கையை விடு."

"டாக்டரைக் கேக்காம போடக் கூடாதுக்கா. நீயே இப்பத்தான சொன்ன."

"சொன்னேன். படிச்சுத் தெரிஞ்சுட்டுத்தான போடறேன்? எனக்கென்ன படிக்கத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்றேன். அந்தப் புட்டியை எங்கிட்டக் குடு."

சுகந்தி புட்டியை இறுக்கிக்கொண்டாள். "அவங்க உள்ளதை உள்ளபடி சொல்றாங்க. நீதான் எங்கிட்ட மறைச்ச. ரெண்டு வருசம் அந்தப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு, என்ற வீட்டுல வந்து என்ற கையில சோறு தின்ன. எழுதியிருக்கறயே நீயே. இப்ப மிச்சக் கண்ணும் தெளியக் கூடாதுன்னு வந்து நிக்கற," என்று கத்தினாள். "ஏனுங்க, இவளை மொதல்ல வெளிய கூட்டிட்டுப் போங்க."

கனகராஜ் மச்சான் வாசல்படியில் வந்து தயங்கி நின்றார். அவரும் படித்திருந்தார் என்பது அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. யாராவது ஒருவருக்காவது கோபம் வராதா என்று ஒரு வாரமாக ஏங்கிக்கொண்டிருந்தாள் குணவதி. வந்துவிட்டது, அவள் மேல். அவள் இன்னும் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுகந்தி மற்றொரு கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.